சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டம்: நல்ல மேனேஜர், உதவும் கருவி – நம்பிக்கைகளும் உண்மைகளும்

சேர்வராயன் மலையில் காப்பி வேரூன்றி ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு ஆகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் அதை இங்கே கொண்டுவந்தார். இன்று இம்மலையின் ஏற்காட்டுச் சரிவுகளில் நிழல்மரங்களின் கீழே வளர்வது பெரும்பாலும் அரபிகா. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். இந்தத் தோட்டங்களை எப்படி நடத்துவது, எந்தக் கருவியை வாங்குவது என்பது பற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றில் சில பிரேசிலிலிருந்தும் சில கர்நாடகத்திலிருந்தும் வந்தவை. இந்த மலையின் மழையும் சரிவும் வேறு.

ஆள் கிடைக்காத நாளில் முதலில் காதில் விழுவது, இயந்திரத்தை இறக்கினால் பறிப்புப் பிரச்சினை தீரும் என்ற பேச்சு. பிரேசிலில் சமநிலத்தில், வெயிலில், நீண்ட வரிசையாக நட்ட செடிகளுக்கு நடுவே பெரிய அறுவடை இயந்திரங்கள் ஓடுவது உண்மைதான். ஏற்காட்டுச் சரிவில், நிழல்மரங்களுக்கு இடையே அவை நுழையவே முடியாது. நிழலில் வளரும் அரபிகாவின் ஒரே கிளையில் சிவப்புப் பழமும் பச்சைக்காயும் அருகருகே நிற்கும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்ப வந்து, பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தேர்வைச் செய்வது பறிக்கும் பெண்களின் கண்ணும் விரலும்தான். இயந்திரங்களில் கையில் பிடித்து இயக்கும் களைவெட்டி மட்டும் விதிவிலக்கு. வேலையைக் கணிசமாகக் குறைக்கும் அந்தக் கருவி வாங்கத் தகுந்ததே. ஆனால் செடியின் அடித்தண்டில் பிளேடு படாதபடி, தூரைச் சுற்றிக் கையால் களையெடுப்பதை விடக்கூடாது.

விலை உயர்ந்த பல்ப்பர் இருந்தால் தரம் தானாக உயரும் என்ற நம்பிக்கையும் இதை ஒட்டியதே. பல்ப்பர் பழுத்த பழத்தின் தோலைத்தான் உரித்து எடுக்கும். பச்சைக்காயில் தோல் கழலாது. பருப்பு வெட்டுப்பட்டுக் கெடும். தரம் இயந்திரத்துக்கு வருமுன்பே, பறிக்கும் கூடையில் தீர்மானமாகிவிடுகிறது. 1990களின் நடுப்பகுதி வரை விளைச்சல் காப்பி வாரியத்தின் பொதுத்தொகுப்புக்குப் போய் ஒன்றாக விற்கப்பட்டது. அந்த முறை போன பிறகு, ஒவ்வொரு தோட்டமும் தன் தரத்துக்குத் தானே விலை பேச வேண்டியிருக்கிறது.

இங்கேதான் மேனேஜரின் திறமை வெளிப்படுகிறது. கூலி கிலோவுக்கு மட்டும் என்றால் வேகம் கூடும், வேகம் கூடினால் லாபம் கூடும் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் கூடையில் பச்சைக்காய் ஏறுவது இயல்பு. அதற்குத் தொழிலாளரைத் திட்டுவது நியாயமல்ல; அப்படிப் பறிக்கச் சொன்னது கூலிமுறையே. பழுத்த பழத்துக்குத் தனி ஊக்கத்தொகை வைத்து, எடையைப் பறித்தவரே படிக்கும்படி எண்தராசைத் திருப்பி வைத்தால் நிலை மாறும். தொழிலாளரின் சந்தேகத்தைப் போக்கும் அந்தத் தராசு, மேனேஜர் வாங்கும் கருவிகளில் மிகப் பயனுள்ள ஒன்று. காலையில் மேஸ்திரியிடமும் கணக்கெழுதும் ரைட்டரிடமும் எந்தப் பகுதி பழுத்திருக்கிறது என்று கேட்டு ஆட்களைப் பிரிப்பதும் அதே அளவு முக்கியம். அவர்கள் சொல்வதைக் கேட்டால் தன் அதிகாரம் குறையும் என்று நினைக்கும் மேனேஜர், தோட்டத்தின் சிறந்த தகவலை இழக்கிறார்.

உலர்த்துவதைப் பற்றிய நம்பிக்கைதான் ஏற்காட்டுக்குச் சற்றும் பொருந்தாதது. கர்நாடகத்தின் சிக்கமகளூரில் காயவைப்பதுபோல இங்கும் களத்தில் பரப்பினால் போதும் என்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் பெருமழை தென்மேற்குப் பருவத்தில் வந்துபோய்விடும். அறுவடைக் காலம் பெரும்பாலும் வறண்டிருக்கும். சேர்வராயனுக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நவம்பரில் பறிப்பு சூடுபிடிக்கும்போது வானம் மூடியிருக்கும், மலையை மூடுபனி சூழும். இங்கே கூரையிட்ட உலர்த்துமேடை ஆடம்பரம் அல்ல. பழத்தோல் நீக்கிய பார்ச்மென்ட் காப்பியின் ஈரப்பதம் 10 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். அதைவிட ஈரமாக மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் எடை போகும், பருப்பு நொறுங்கும். பல்லால் கடித்துப் பார்க்கும் அனுபவசாலியின் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் ஒரு மூட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள சிறிய வேறுபாட்டை ஈரப்பதமானிதான் காட்டும். வேறு நவீனக் கருவிக்குச் செலவிடும் முன் இதை வாங்குவது நல்லது.

ஸ்பிரிங்க்ளர் போட்டால் அரும்பை மலரவைக்கும் பூமழைக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதற்கு ஒரு சிறு கணக்கே பதில். கோடையின் முதல் நல்ல மழை பட்டதும், உறங்கிக் கிடந்த அரும்புகள் ஏறத்தாழ 10 நாளில் மலர்கின்றன. ஓர் அங்குல மழைக்கு ஈடான நீரை ஓர் ஏக்கருக்குக் கொடுக்க ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். மலர்ந்த பிறகு பிஞ்சு தங்க இன்னொரு மழையும் தேவை. ஆகவே முதல் முதலீடு குட்டைக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும். தண்ணீர் இல்லாத தோட்டத்தில் குழாய் போட்டுப் பயனில்லை.

மழையைக் கைப்பேசிச் செயலியே சொல்லிவிடும் என்பதும் பாதி உண்மை. செயலி பரந்த பகுதிக்குக் கணிக்கிறது. மலையிலோ ஒரு மடிப்பில் பெய்து மறு மடிப்பில் பொய்க்கும். தோட்டத்துக்குள் ஒரு மழைமானியும், பெய்த அளவைத் தேதியோடு எழுதும் நோட்டுப்புத்தகமும் இருந்தால் உரமிடும் நாளையும் மருந்தடிக்கும் நாளையும் தீர்மானிக்கலாம்.

கடைசியாக, அரபிகாவின் பெரும் பகையான வெள்ளைத் தண்டுத்துளைப்பான். இனக்கவர்ச்சிப் பொறி தொங்கவிட்டால் போதும், தோட்டத்தில் நடக்க வேண்டியதில்லை என்று நம்புவது ஆபத்து. பொறி வண்டின் வருகையை அறிவிக்கும். தண்டுக்குள் குடைந்துகொண்டிருக்கும் புழுவை அது எதுவும் செய்யாது. வண்டுகள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளிவருகின்றன. வெயில் படும் தண்டின் பட்டை இடுக்கில்தான் முட்டையிடும். நிழலை அதிகமாகக் கழித்த தோட்டத்தில் தாக்குதல் கூடுவது அதனால்தான். பாதிக்கப்பட்ட செடியின் தண்டில் மேடு தட்டும், இலை மஞ்சளாகி வாடும். இதைக் கண்டுபிடிக்க, வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்னதாக, மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வரிசையாக நடந்து செடி செடியாகப் பார்க்க வேண்டும். அடையாளம் கண்டதைப் பிடுங்கி எரிக்க வேண்டும்.