கொல்லையில் கொய்மலர் - விதைக்கும் நாளில் இருக்கிறது விலை

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில் வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று. ஆயினும் வீட்டை ஒட்டி இரண்டு சென்டு, மூன்று சென்டு கொல்லையும் ஒரு கிணறோ ஆழ்குழாயோ வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இன்றும் உள்ளனர். கீரையும் கத்தரியும் போட்டு வரும் அந்த நிலத்தில் ஒரு சென்டை விதை மூலம் வளரும் பூக்களுக்கு ஒதுக்கினால், கோயிலுக்கும் பூக்கடைக்கும் விற்றுக் கைச்செலவுக்கு வழி செய்துகொள்ளலாம்.

இந்த வட்டாரத்திற்குப் பூச்சாகுபடி புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, நாள்தோறும் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளுக்குப் பூ எடுத்துச் சென்றார் என்பது வைணவ மரபு. பூவை வாடாமல் கொண்டு சேர்ப்பது அன்றும் ஒரு வேலைதான்.

பூக்கள் இரு வகையாக விலை போகின்றன. காம்பில்லாமல் எடை போட்டு விற்பது உதிரிப்பூ. காம்போடு வெட்டிக் கட்டாகக் கட்டி விற்பது கொய்மலர். ரோசா, கார்னேசன் போன்ற கொய்மலர்களுக்குப் பசுமைக்குடிலும் பெரும் முதலீடும் வேண்டும். சிறு விவசாயி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. விதையிலிருந்தே வளர்ந்து, திறந்தவெளியில் காம்பு நீண்டு பூக்கும் ஆஸ்டர், நெட்டைக் கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜினியா ஆகியவை கொல்லைக்கு ஏற்றவை. செண்டுமல்லி உதிரியாகவே அதிகம் விற்கும். எனினும் பண்டிகைக் காலத்தில் அதற்கு ஈடான பூ வேறில்லை என்பதால் அதையும் சேர்த்துக்கொள்வது நலம்.

நாள் கணக்கு

இந்தப் பூக்களில் நட்டம் அடைந்தவர்களைக் கேட்டால் பூச்சியைச் சொல்வார்கள், இடைத்தரகரைச் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதுவன்று. விதைத்த நாள் தவறியதே காரணம். ஆயுத பூசைக்கு முதல் நாள் கோயம்பேட்டில் கேட்ட விலைக்குப் போகும் செண்டுமல்லி, பூசை முடிந்த இரண்டாம் நாள் வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். உரமும் உழைப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான். பத்து நாள் முந்திய நாற்றுக்கும் பிந்திய நாற்றுக்கும் உள்ள வேறுபாடு அது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மானாவாரிப் பயிருக்குச் சொன்ன சொல். பூவுக்குப் பட்டம் பண்டிகையே. எந்த நாளில் பூ வேண்டுமோ அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். செண்டுமல்லி வீரிய ஒட்டு வகைகள் விதைத்த 80 முதல் 90 நாட்களில் பூக்கத் தொடங்கி, 100-ஆம் நாளை ஒட்டி நல்ல பறிப்புக்கு வரும். ஆயுத பூசை சில ஆண்டுகளில் செப்டம்பர் இறுதியிலும், சில ஆண்டுகளில் அக்டோபர் 20-ஐ ஒட்டியும் வருகிறது. முன்னதற்கு ஜூன் 20-ஐ ஒட்டியும், பின்னதற்கு ஜூலை 10-ஐ ஒட்டியும் விதைக்க வேண்டும். பூசை முந்தி வரும் ஆண்டில் ஆடி பிறக்கட்டும் என்று காத்திருந்தவருக்குப் பூசை முடிந்த பிறகே பூ கிடைக்கும்.

புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா நாரங்கி கெய்ந்தா, பூசா பசந்தி கெய்ந்தா ஆகிய இரகங்களுக்கு நாள் கூடுதல். விதைத்தது முதல் 125 முதல் 145 நாட்கள் வரை ஆகும். ஆஸ்டருக்கு நான்கு முதல் நாலரை மாதங்கள். கோழிக்கொண்டை, வாடாமல்லிக்கு மூன்று மாதங்கள். ஜினியா இரண்டு மாதத்திலேயே பூத்துவிடும். வெயில், மண், இரகம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரு வாரம் முன்பின் ஆகும் என்பதால், முதல் ஆண்டு விதைத்த நாளையும் முதல் பூ வந்த நாளையும் நாட்காட்டியில் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு அதைவிட நல்ல ஆலோசகர் வேண்டியதில்லை.

செண்டுமல்லி பிறந்த நாடு மெக்சிகோ. அங்கே நவம்பர் முதல் இரண்டு நாட்களில் இறந்தோர் நினைவு நாளுக்கு வீடும் கல்லறையும் இதே பூவால் அலங்கரிக்கப்படுகின்றன. அந்நாட்டு விவசாயியும் அந்தத் தேதிக்குப் பூ வரும்படியே விதைக்கிறார்.

மழையும் நாற்றும்

பொங்கல் பூவுக்குத்தான் இந்த வட்டாரத்தில் இடர் அதிகம். பொங்கலிலிருந்து நூறு நாள் பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் முதல் வாரம் வருகிறது. சென்னைப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 1400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. நாற்று விட வேண்டிய நேரமும் நட வேண்டிய நேரமும் சரியாக அந்த மழைக்குள் விழுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இப்பகுதியில் தண்ணீர் வடிய நாட்கள் பிடித்தன. செண்டுமல்லிக்கும் ஆஸ்டருக்கும் வேரில் நீர் தேங்கி இரண்டு நாள் நின்றால் பிழைப்பது அரிது.

ஆகவே மழைக்கால நாற்றைத் தரையில் விடுதல் கூடாது. குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை ஊன்றி, சாரல் அடிக்காத திண்ணையிலோ, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாள் போட்ட சிறு பந்தலிலோ வைக்க வேண்டும். பழைய மரப்பெட்டி, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டு ஆகியவையும் போதும். விதை முளைத்தபின் தட்டை இருட்டு மூலையில் வைத்தால் நாற்று வெளுத்து, நூல்போல் நீண்டு சாயும். அத்தகைய நாற்று நட்டாலும் தேறாது. மழை இல்லாத பகலில் வெளியே எடுத்து வைத்து, மாலையில் உள்ளே எடுக்க வேண்டும்.

இன்னொரு காப்பும் உண்டு. விதை முழுவதையும் ஒரே நாளில் போடாமல் நான்கில் ஒரு பங்கை எடுத்து வைத்து, பத்து நாள் கழித்து விதைக்க வேண்டும். முதல் நடவை மழை அடித்துச் சென்றால் இந்த நாற்று கைகொடுக்கும். இல்லையென்றால் பொங்கலுக்குப் பின் வரும் தை மாதத் திருமணங்களுக்கு உதவும்.

ஆஸ்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. அக்டோபர் இறுதியில் கூரைக்கடியில் நாற்று விட்டு, டிசம்பரில் மழை ஓய்ந்ததும் நட்டால், மார்ச் மாதம் பங்குனி விழாக்களுக்குக் காம்போடு வெட்டலாம். பெங்களூரு அருகே எசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சசாங்க், வயலட் குசன் ஆகிய இரகங்கள் பெயர் பெற்றவை. காமினி இளஞ்சிவப்பு, பூர்ணிமா வெள்ளை. ஏப்ரல், மே வெயிலில் ஆஸ்டர் இங்கே சிறக்காது. அந்த மாதங்களில் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் தாங்கும்.

நாற்றங்கால்

மழையில்லாக் காலத்தில் தரையிலேயே மேட்டுப்பாத்தி போடலாம். ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம் போதும். ஒரு சென்டு நடவுக்கு ஒரு சதுர மீட்டர் பாத்தி தாராளம். ஆவடிப் பக்கத்துச் சரளை கலந்த செம்மண்ணாயின் மக்கிய தொழு உரத்தைக் கூடுதலாகவும், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துக் களிமண்ணாயின் மணலைக் கூடுதலாகவும் கலக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 8 செ.மீ. விட்டு, அரை செ.மீ. ஆழத்தில் விதைத்து மணல் தூவ வேண்டும். கோழிக்கொண்டை விதை மிகப் பொடி; மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிய மணல் போர்வை போட்டால் போதும், புதைத்தல் ஆகாது. வாடாமல்லி விதையைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை உண்டு. அதைக் கையால் தேய்த்து நீக்கி, ஒரு இரவு நீரில் ஊற வைத்து விதைத்தால் ஒரே சீராக முளைக்கும். ஜினியா வேர் அசைவை விரும்பாது. நேரடியாக நிலத்தில் ஊன்றுவதே மேல்.

பாத்தியின் மேல் வைக்கோல் பரப்பிப் பூவாளியால் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். முளை கண்ட அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். செண்டுமல்லி ஐந்து முதல் ஏழு நாளிலும், ஆஸ்டர் ஏழு முதல் பத்து நாளிலும் முளைக்கும்.

முளைத்த முதல் இரண்டு வாரங்களே கண்டம். தரையை ஒட்டித் தண்டு கறுத்து, நாற்று திட்டுத்திட்டாகச் சாய்வது நாற்றழுகல் நோய். நெருக்கமாக விதைப்பதும், பாத்தி எந்நேரமும் சேறாக இருப்பதுமே இதற்கு இடம் கொடுக்கின்றன. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது பரிந்துரை. கொல்லைக்கு வேண்டிய சில கிராம் விதையாயின் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் சரி. நோய் கண்டுவிட்டால் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து பாத்தி நனைய ஊற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் இடக் கூடாது; மருந்து நன்மை செய்யும் பூஞ்சாணத்தையும் கொன்றுவிடும்.

கிணற்று நீர் உப்பாக இருந்தால் நாற்றின் இலை ஓரம் கருகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும் வீடுகளில், நாற்றங்காலுக்கு மட்டுமாவது சேமித்த மழைநீரைப் பயன்படுத்துவது நலம். மண், நீர் பற்றிய ஐயங்களைத் திருவள்ளூரை அடுத்த திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெளியலாம்.

நடவும் உரமும்

நான்கைந்து இலை விட்ட 25 முதல் 30 நாள் நாற்றை மாலை வேளையில் நட வேண்டும். செண்டுமல்லிக்கு 45 × 35 செ.மீ. இடைவெளி, வழி போக ஒரு சென்டில் சுமார் 220 செடிகள் நிற்கும். ஆஸ்டருக்கு 30 × 30 செ.மீ. இடைவெளியில் சுமார் 400 செடிகள். மழைக்கால நடவில் பார் 30 செ.மீ. உயரம் இருக்கட்டும், நீர் வெளியேற வாய்க்கால் எங்கே முடிகிறது என்பதையும் நடவுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து மனை உயர்ந்துவிட்டதால் கொல்லையே குளமாகும் வீடுகள் இங்கு ஏராளம்.

செண்டுமல்லிக்கு எக்டருக்குச் சொல்லப்படும் 25 டன் தொழு உரமும், 90 : 90 : 75 கிலோ தழை, மணி, சாம்பல் சத்தும் ஒரு சென்டுக்கு இவ்வாறு வரும்: தொழு உரம் 100 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2¼ கிலோ, பொட்டாஷ் அரை கிலோ, யூரியா 800 கிராம். யூரியாவில் பாதியை மட்டும் நடவின்போது மற்ற உரங்களுடன் இட்டு, மீதியை 45-ஆம் நாள் இட்டு மண் அணைக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பூ பிந்தும், தண்டு சாயும்.

நட்ட 30-ஆம் நாள் செண்டுமல்லியின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ கூடும். ஆனால் முதல் பூ பத்து நாளாவது தள்ளிப் போகும். ஆகவே விதைக்க நாள் தவறியவர்கள் நுனி கிள்ளாமல் விடுவதே சரி. கோழிக்கொண்டையில் ஒரே பெரிய கொண்டை வேண்டுமென்றால் நுனியைத் தொடக் கூடாது. பக்கக் கிளைகளையே நீக்க வேண்டும்.

அசுவினி, இலைப்பேன் ஆகியவற்றுக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளை 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊற வைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் போதும். ஆஸ்டரில் செடி மஞ்சளித்து, பூ பச்சையாகவே திரிந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய். மருந்தில்லை, பிடுங்கி எரிக்க வேண்டும். ஆஸ்டர் போட்ட இடத்தில் மறுபடியும் ஆஸ்டர் போட்டால் வாடல் நோய் வரும். அடுத்த முறை அங்கே செண்டுமல்லி போடலாம். வேர்முடிச்சு நூற்புழுவும் குறையும்.

வெட்டும் பக்குவம்

ஆஸ்டரை வெளிச்சுற்று இதழ்கள் இரண்டு மூன்று வரிசை விரிந்ததும் வெட்டலாம். வாடாமல்லி முழு நிறம் ஏறிய பிறகே வெட்டுவதற்கு உரியது. ஜினியாவில்தான் பலர் ஏமாறுகின்றனர். பூ விரிந்திருந்தாலும் காம்பு முற்றியிராது. அந்நிலையில் வெட்டினால் மாலைக்குள் தலை தொங்கும். பூவுக்குக் கீழே ஒரு சாண் விட்டுத் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். தலை துவண்டு வளைந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம்.

விடியற்காலையில், வாளியில் நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு உடனே நீரில் நிறுத்த வேண்டும். ஒரு சென்டுப் பூவைத் தூக்கிக்கொண்டு கோயம்பேடு வரை போனால் போக்குவரத்துச் செலவே விலையைத் தின்றுவிடும். பக்கத்துப் பூக்கட்டுவோரிடமும் கோயிலிலும் முன்கூட்டியே பேசி வைப்பதும், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒருவரை மட்டும் சந்தைக்கு அனுப்புவதும் கட்டுபடியாகும்.

விதை எடுத்தல்

வீரிய ஒட்டுச் செண்டுமல்லியில் விதை எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைப்பது வீண் வேலை. அதிலிருந்து நெட்டையும் குட்டையும், அடுக்கும் ஒற்றையும், மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கலந்து வரும். எண்ணி விற்கும் அந்த விதையை ஆண்டுதோறும் வாங்கத்தான் வேண்டும். ஆஸ்டர் இரகங்கள் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையவை. எனவே நல்ல செடிகள் பத்தைப் பூ வெட்டாமல் நிறுத்தி, பூத்தலை காய்ந்து பழுப்பேறியதும் விதை எடுக்கலாம். வாடாமல்லி, கோழிக்கொண்டையிலும் அவ்வாறே.

ஆஸ்டர் விதைக்கு ஆயுள் குறைவு. சாதாரணமாக வைத்தால் ஓராண்டிலேயே முளைப்புத் திறன் பெரிதும் விழுந்துவிடும். அதிலும் சென்னையின் ஐப்பசி ஈரக்காற்று பட்டால் சொல்ல வேண்டியதில்லை. நிழலில் நன்கு உலர்த்தி, காகித உறையிலிட்டு, வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போட்ட இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். உறையின்மேல் இரகமும் விதை எடுத்த தேதியும் எழுதியிருக்கட்டும். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு ஐம்பது விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வைத்துப் பார்த்து, பத்தாம் நாள் முப்பதுக்குக் குறைவாக முளைத்திருந்தால் புது விதை வாங்கிவிடலாம். அதற்கு நாள் இருக்கும்.