டிரைவர் கோளாறா? ஃபார்மட் கடைசியில் இருக்கட்டும்

வேலைக்கு நடுவே கணினி நீலத்திரை காட்டித் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று சர்வீஸ் கடையில் சொன்னால், ‘ஃபார்மட் போட்டுடலாம்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பிள்ளைகளின் படங்களும் பாதி முடிந்த புராஜெக்டும் அதோடு போய்விடுகின்றன. கோளாறு டிரைவரில் என்றால் அந்த இழப்புக்குத் தேவையே இல்லை.

முதலில் டிரைவர்தானா என்று பாருங்கள். நீலத்திரையில் ஸ்டாப் கோட் இருக்கும். சில நேரம் ‘.சிஸ்’ என்று முடியும் கோப்பின் பெயரும் வரும். மறைவதற்குள் போனில் படம் எடுத்துவிடுங்கள். ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்றிருந்தால் சந்தேகம் முதலில் கிராபிக்ஸ் டிரைவர் மேல்தான். கிராபிக்ஸ் கார்டின் பதிலுக்கு விண்டோஸ் வழக்கமாக 2 விநாடி காத்திருக்கும்; வராவிட்டால் டிரைவரை ரீசெட் செய்யும்; அதிலும் மீளாவிட்டால்தான் இந்தத் திரை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோட், வேறு வேறு கோப்பு என்று வந்தால் டிரைவரை விட்டுவிட்டு ரேமைச் சோதியுங்கள்.

அடுத்து சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். திரையின் நான்கு மூலைகளிலும் ‘சேஃப் மோட்’ என்ற எழுத்து, பெருத்துப்போன ஐகான்கள் என்று பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் அங்கே தயாரிப்பாளரின் கிராபிக்ஸ் டிரைவர் ஓடாது. அதில் நெடுநேரம் நிற்காமல் ஓடினால் டிரைவர் மேல் உள்ள சந்தேகம் வலுக்கிறது. அதிலும் விழுந்தால் வன்பொருளைப் பார்க்க வேண்டும்.

அப்டேட் ஆன பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல்பேக்கையே முதலில் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பிராப்பர்டீஸைத் திறந்து, டிரைவர் பகுதியில் ‘ரோல்பேக் டிரைவர்’ பொத்தானை அழுத்தினால் போதும். உங்கள் கோப்பு எதையும் அது தொடாது. பழைய டிரைவர் சேமிப்பில் இல்லையென்றால் பொத்தான் மங்கலாகவே இருக்கும். ரோல்பேக் ஆனதும் விண்டோஸ் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அதே டிரைவர் மறுபடி வந்து உட்கார்ந்துவிடக்கூடும்.

ரோல்பேக் கைகொடுக்காதபோதும், ஏஎம்டி கார்டைக் கழற்றி என்விடியா போட்டதுபோன்ற சமயங்களிலும், டிரைவரை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது. டிடியு என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் ஓட்டுங்கள். இணையம் இருந்தால் இடைவெளியில் விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். லேப்டாப் என்றால் அந்த மாடலுக்கென்று அதன் தயாரிப்பாளர் தரும் டிரைவரே முதல் தேர்வு. ‘எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறோம்’ என்று வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

எந்த டிரைவர் என்றே பிடிபடவில்லையா? சிஸ்டம் ரெஸ்டோர். சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். எந்தத் தேதியின் நிலைக்குத் திரும்புகிறீர்களோ அதற்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் போகும். ரெஸ்டோர் பாயின்ட் இருந்தால்தான் இது நடக்கும். பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே கிடக்கிறது. இன்றே பார்த்து இயக்கி வையுங்கள்.

கணினி ஏறவே இல்லை என்றாலும் ஃபார்மட்டுக்கு ஓட வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் படித்த ஒரு பழுதான கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. ஆனாலும் தீர்வு, சேஃப் மோடுக்குப் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான். பிட்லாக்கர் பூட்டிய கணினிகளில் மட்டும் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டு வேலை இழுத்தது. உங்கள் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கணினி நன்றாக ஓடும்போதே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் ஃபார்மட். அதுவும் வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகு. அதற்கு மேலும் அதே திரை வந்தால் கிராபிக்ஸ் கார்டையும் பவர் சப்ளையையும் சோதிக்கச் சொல்லுங்கள், இன்னொரு ஃபார்மட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.