காய்ச்சல்தானே என்று இருக்கலாமா?

1918ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் முடியப் போகும் நேரம். ஜூன் மாதம் பம்பாயில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது. கப்பலில் வந்த காய்ச்சல் அது. பெயர் இன்புளுயன்சா. சுருக்கமாக, ஃபுளு.

ரயில் போன ஊருக்கெல்லாம் ஃபுளுவும் போனது. நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேலானவர்கள் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

அதே காய்ச்சல் அமெரிக்காவிலும் பரவியது. அங்கே ஃபுளு வந்த 1,350 கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு மருத்துவர் விவரம் திரட்டினார். அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நிமோனியா வந்தது. நிமோனியா வந்தவர்களில் சுமார் பாதிப் பேர் இறந்துபோனார்கள்.

2009இல் புதிய வகை ஃபுளு ஒன்று உலகம் முழுவதும் பரவியது. மக்கள் அதைப் பன்றிக் காய்ச்சல் என்றார்கள். நம் நாட்டில் ஆகஸ்ட் மாதம் புனே நகரில் முதல் உயிர் போனது. அந்த முறையும் கர்ப்பிணிகளுக்குத்தான் ஆபத்து அதிகமாக இருந்தது.

ஏன் அப்படி?

கர்ப்பம் வளர வளர கருப்பை மேலே எழும்பும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையை அது மேலே தள்ளும். நுரையீரல் நன்றாக விரிய இடம் குறையும். ஆனால் காற்றோ இரண்டு உயிருக்கும் வேண்டும். இந்த நேரத்தில் நுரையீரலில் சளி கட்டினால் என்ன ஆகும்? மூச்சு முட்டும். கருவைத் தாங்குவதற்காகத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியும் மாறியிருக்கும். பிரசவம் ஆகி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு.

ஃபுளு கிருமி பெரும்பாலும் கருவிலுள்ள குழந்தையிடம் போவதில்லை. ஆனால் தாய்க்கு மூச்சு குறைந்தால் குழந்தைக்கும் குறையும். நோய் கடுமையானால் குறை மாதத்தில் பிரசவம் ஆகலாம். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். சில சமயம் வயிற்றிலேயே இறந்துவிடலாம். முதல் மூன்று மாதங்களில் வரும் கடும் காய்ச்சலும் கருவுக்கு நல்லதல்ல.

ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் காய்ச்சல், இருமல், உடம்பு வலி. "கஷாயம் குடி, இரண்டு நாளில் சரியாகும்" என்கிறார் மாமியார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டு நாள்தான் முக்கியம். ஃபுளுவுக்கு ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவர் சொன்னால் உடனே தொடங்கலாம். கடையில் கேட்டுத் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு வலிக்கிறதா? உதடு நீலமாகிறதா? குழந்தையின் அசைவு குறைகிறதா? அப்படியானால் இரவு என்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஃபுளு வராமல் தடுக்க ஊசி உண்டு. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடும் டெட்டனஸ் ஊசி வேறு, இது வேறு. இதைக் கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபுளு கிருமி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் போன ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. தாய்க்குப் போடும் ஊசியால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் பாதுகாப்பு கிடைக்கும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது.

பால் கொடுக்கும் தாய்க்கு ஃபுளு வந்தால்? பாலை நிறுத்த வேண்டாம். பால் வழியாக நோய் பரவாது. இருமல், தும்மல் வழியாகத்தான் பரவும். சோப்புப் போட்டுக் கை கழுவி, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம்.