கொடுப்போர் கூடிப் பேசினால்

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது பழமொழி. பெறுபவரின் தகுதி அறிந்து கொடு என்று அதற்குப் பொருள் கூறுவர். பேரிடர்க் காலத்திலோ அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடல் வாரிச்சென்ற வீட்டிற்கு ஒருவர் அரிசி மூட்டை தருகிறார். சமைக்கப் பாத்திரம் இல்லை. பாத்திரங்களோ வேறொரு சங்கத்தின் கிடங்கில் கிடக்கின்றன. இரு சங்கத்தாரும் ஒருவரையொருவர் அறியார். அந்தத் தாய் என் செய்வாள்?

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆழிப்பேரலை நம் மாமல்லபுரக் கரையையும் தாக்கியது. தமிழகத்தில் மாண்டோர் சுமார் 8,000 பேர். அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தனர். வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர்.

நாடெங்குமிருந்து நாகைக்கு லாரிகள் விரைந்தன. ஆயின் வந்தவற்றுள் பழந்துணிகளே மலைபோல் குவிந்தன. பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்த மீனவ மக்களின் தன்மானம் இடந்தரவில்லை. துணிகள் சாலையோரங்களில் கிடந்து மண்ணாயின; அவற்றை அகற்றுவதே தனி வேலையாயிற்று. அனுப்பியவர்கள் கல்நெஞ்சர் அல்லர். எது வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2005 ஜனவரித் தொடக்கத்தில் நாகை ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தோன்றியது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், நாகையில் மீனவ மக்களிடையே பணிபுரிந்துவந்த 'ஸ்நேகா' அமைப்பும் இதில் முன்னின்றன. கடற்கரைக் கிராமங்களை நன்கறிந்தவர்கள் இவர்கள். எந்த ஊரில் எந்த நிறுவனம் பணிபுரிகிறது, என்ன கொடுத்தாயிற்று, என்ன குறைகிறது என்னும் விவரங்களை அங்கே திரட்டினர். புதிதாய் வருவோர் அவற்றைக் கேட்டறிந்து, உதவி எட்டாத ஊருக்குச் செல்ல முடிந்தது.

ஆயினும் படகு விஷயத்தில் இது முழுதும் பலிக்கவில்லை. பலரும் தத்தம் போக்கில் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கியதால், சில ஊர்களில் அலைக்கு முன் இருந்ததைவிடப் படகுகள் பெருகின. படகு கண்ணுக்குத் தெரியும் பொருள். அதன்மேல் பெயர் எழுதலாம். பட்டியலின்மேல் யார் பெயர் எழுதுவது?

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். அது தற்பெருமையைத் தடுக்கும் போதனை. நிவாரணக் கிடங்கில் இரு கைகளும் ஒன்றையொன்று அறிந்தே தீரவேண்டும் என்பது என் கருத்து.

பேசிக்கொள்ளப் பொது அளவும் தேவை. 1997-இல் உலகத் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் கூடி 'ஸ்பியர்' என்னும் அளவுகளை வகுக்கத் தொடங்கின. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் என்பது அவற்றுள் ஒன்று. 200 பேர் தங்கியுள்ள முகாமுக்கு 3,000 லிட்டர் என்று அனைவரும் ஒரே கணக்காய்ப் பேசலாம் அல்லவா?

2019-இல் நம் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. அடுத்த புயலுக்கு நம் பள்ளியிலிருந்து மூட்டை கட்டுமுன், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் பேசி, எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டெழுத ஒரு மாணவியை இப்போதே நியமிக்கலாம்.