நாட்டுத் துப்பாக்கியைக் கையாளத் தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டிக் கொண்டப்பநாயக்கன்பட்டி இருக்கிறது. மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் பயிராகும் பூமி. மலையிலிருந்து இரவில் இறங்கும் காட்டுப்பன்றிகள் மரவள்ளிக் கொல்லையில் புகுந்தால் தின்பது கொஞ்சம், தோண்டிப் போடுவது அதிகம். சேகோ ஆலைக்குப் போகவேண்டிய கிழங்கு விடியற்காலையில் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும். பயிர்க்கடன் தவணை தவறியதற்குக் காரணம் விசாரித்தால் மற்ற ஊரார் மழையைச் சொல்லுவர். அடிவாரத்தார் பன்றியைச் சொல்லுவர். இரண்டும் உண்மையே.

இவ்வூர்ச் சங்கத்தின் கூட்டம் முடிந்தபின் அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, எங்கள் பாட்டனார் வைத்திருந்த துப்பாக்கி ஒன்று பரணில் இருக்கிறது. பையன் சுடக் கற்றுக்கொள்ள வேண்டுமென்கிறான். தாங்கள் ஒரு முறை பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். பள்ளிப் படிப்பு முடிந்த காலத்தில், லைசென்ஸு உடைய என் மாமனிடம் இவ்வித்தையை நான் ஓரளவு கற்றதுண்டு என்பதை அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

அவர் வீட்டுத் திண்ணையில் அது வைக்கப்பட்டபோது, "காலித் துப்பாக்கிதான், இருபது வருஷமாக யாரும் தொடவில்லை" என்றார். நான் ஒரு மெல்லிய மூங்கிற்குச்சி கேட்டு வாங்கினேன். முதலில் குழலின் வெளிப்புறத்தில், குழல்வாய் முதல் பற்றுவாய் வரை அளந்து ஒரு கோடு கீறினேன். பின்பு அதே குச்சியைக் குழலினுள் மெதுவாக விட்டேன். கோடு குழல்வாய்க்கு மேலே எட்டு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. குச்சி அடியைத் தொடவில்லை. அடியில் ஏதோ இருந்தது. அந்தக் குழல்வாய் அப்பொழுது திண்ணையில் விளையாடிய குழந்தைகளின் பக்கமாக இருந்தது என்பதை இங்கே எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஆகையால் முதற்பாடம் இக்குச்சிதான். பின்புறம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கியை விரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் அந்த வசதி இல்லை. அதன் பின்பக்கம் மூடியது. கருமருந்து நனையாமல் உலர்ந்து கிடந்தால் வருஷங்கள் பல சென்றாலும் உயிரோடேயே இருக்கும். எவர் கையிலிருந்து வாங்கினாலும், "காலி" என்று எவர் சத்தியம் செய்தாலும், குச்சி விட்டுப் பார்த்தாலன்றி நம்பலாகாது.

இனி அதன் வேலையைச் சொல்லுவோம். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றின் கலவை. அது எரிந்து பெரும் புகையாகி, அப்புகையின் அழுத்தம் முன்னே உள்ள ஈயக்குண்டுகளைத் தள்ளுகிறது. பழங்காலத்தில் எரியும் திரியைக் கொண்டும், பின்பு சக்கிமுக்கிக் கல்லைக் கொண்டும் தீ மூட்டினர். ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் பார்ஸைத் என்பவர் பறவை வேட்டையில் விருப்பமுடையவர். கல்லின் பொறியைக் கண்டவுடன் பறவைகள் எழும்பிப் பறப்பதைக் கண்டு சலித்து, அடித்தால் தீப்பற்றும் மருந்து ஒன்றைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் உபாயத்தைக் கண்டு, 1807-ல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இன்று நாம் "கேப்பு" என்று சொல்லும் சிறு செப்புத் தொப்பி அதன் வழி வந்ததே. குதிரை அதன்மேல் விழ, பொறி பற்றுவாய் வழியே உள்ளிருக்கும் மருந்துக்குப் பாயும்.

இவ்வளவும் தெரிந்துகொள்ளுமுன் சட்டம் தெரிய வேண்டும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பயிர்க் காவலையும் நாட்டுத் துப்பாக்கியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையான பயிர்க் காவலுக்காகக் குழல்வாய் வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸு கொடுப்பதை அதன் 13-வது பிரிவு கூறுகிறது. மனுவை ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க வேண்டும்; நகரப் போலீஸ் எல்லைக்குள் இருப்பவர் போலீஸ் கமிஷனரிடம் கொடுக்க வேண்டும். வயது 21 நிரம்பியிருத்தல் அவசியம். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, ஆயுதத்தை அபாயமின்றிக் கையாளும் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சியும் வேண்டும். லைசென்ஸு இன்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை சிறையும், அபராதமும் உண்டு. பாட்டனார் பெயரில் இருந்த லைசென்ஸு பேரனுக்குச் செல்லாது. அவர் காலமானபின் அத்துப்பாக்கியை அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற்று, தன் பெயருக்கு மனுச் செய்வதே முறை.

சங்கத்தின் பேரில் பொதுவாக ஒன்று வாங்கி முறைவைத்து உபயோகிக்கலாமா என்று சிலர் கேட்டனர். கலப்பையும் மருந்து தெளிக்கும் கருவியும் அவ்விதம் செய்யலாம். துப்பாக்கி அவ்வகையைச் சேர்ந்ததன்று. லைசென்ஸில் எவர் பெயர் உள்ளதோ அவர் கையில் மட்டுமே இருக்கத்தக்கது. இரவல் கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி.

களவில் செய்யப்படும் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மலைப்புறங்களில் கிடைக்கும் இவற்றுட் சில, தண்ணீர்க் குழாயை வெட்டி மரக்கட்டையில் பூட்டியவை. வெடியின் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்ட இரும்பு அதுவன்று. குழல் பிளந்தால் முதலில் போவது, அதைத் தாங்கிப் பிடித்த இடக்கை.

லைசென்ஸும் நல்ல துப்பாக்கியும் உடையவர் கற்க வேண்டிய முறை வருமாறு. முதற்சில நாட்கள் மருந்தே வேண்டாம். குழல்வாயை ஒருபோதும் மனிதர் பக்கம் திருப்பாமல் எடுக்கவும், தூக்கவும், வைக்கவும் பழகுக. குறி பார்த்துத் தீர்மானிக்கும் வரை விரல் விசையில் படலாகாது. இது சொல்லுவதற்கு எளிது. விரலுக்குப் பழக்குவது எளிதன்று. கற்பதற்கு ஏற்ற இடம் வயல் வரப்பு அன்று. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் கழகத்தின் சுடுகளமே. குறிப்பலகைக்குப் பின்னே உயர்ந்த மண்மேடு, அனுபவசாலி ஒருவர் அருகில், காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும்.

கெட்டிக்கும்போது வரிசை தவறக் கூடாது: முதலில் மருந்து, அதன்மேல் அடைப்பு, பிறகு குண்டு, அதன்மேல் மெல்லிய அடைப்பு, கடைசியாகக் கேப்பு. கேப்பு வைக்கும் வரை அது பாதித் துப்பாக்கி. வைத்த நிமிஷமே முழுத் துப்பாக்கி. அதனால்தான் அது கடைசியில் வருகிறது. மருந்தைக் குப்பியிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேரே குழலில் ஊற்றக் கூடாது. முன் வெடியின் கனல் ஒரு பொட்டு அடியில் மிஞ்சியிருந்தாலும், தீ மேலேறிக் கையிலுள்ள குப்பி முழுவதையும் பற்றிவிடும். ஒரு வெடிக்குரிய மருந்தை மட்டும் சிறு அளவைக் குழாயில் எடுத்து, முகத்தையும் மார்பையும் குழல்வாய்க்கு நேராக வையாமல், பக்கத்தில் நின்று இடுக. எவ்வளவு என்பதைத் துப்பாக்கி செய்தவர் குறித்த கணக்கும், லைசென்ஸு பெற்ற துப்பாக்கித் தச்சரின் சொல்லுமே தீர்மானிக்க வேண்டும். "இன்னும் ஒரு சிட்டிகை போட்டால் தூரம் போகும்" என்னும் பக்கத்து வீட்டார் யோசனை அன்று. லைசென்ஸு பெற்ற வியாபாரியிடம் வாங்கிய கருமருந்தைத் தவிர வேறெதையும் இடலாகாது. தோட்டாவைப் பிரித்தெடுத்த புகையற்ற மருந்து கருமருந்தைவிடப் பன்மடங்கு அழுத்தம் உண்டாக்கி நாட்டுத் துப்பாக்கியைச் சிதறடிக்கும். பட்டாசு மருந்தும் தீக்குச்சி மருந்தும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

மருந்தை அழுத்தும் சலாகையை உள்ளங்கையால் பிடித்துக் குத்தாமல், விரல் நுனிகளால் பிடித்து இறக்குக. தவறி வெடித்தாலும் கை தப்பும். அடைப்பும் குண்டும் மருந்தோடு படிந்து அமர வேண்டும். நடுவே இடைவெளி விட்டால், குழல் அவ்விடத்தில் வீங்கவோ வெடிக்கவோ செய்யும். இதற்காகவே சலாகையில் இரண்டு கோடுகள் கீறி வைப்பது வழக்கம். காலியான குழலில் சலாகை நிற்கும் இடம் ஒன்று. சரியாகக் கெட்டித்தபோது நிற்கும் இடம் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நாலு விரற்கடை இருக்கும். கோடு அதற்கும் மேலே நின்றால், மருந்தின்மேல் மருந்து விழுந்திருக்கிறது என்று அறிக.

அப்படியும் நடக்குமோ என்று கேட்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ஆம் வருஷம் கெட்டிஸ்பர்க் என்னுமிடத்தில் நடந்த பெரும் சண்டைக்குப் பின் களத்தில் கிடந்த 27,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சோதித்தனர். ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடியே இருந்தன. அவற்றுள் சுமார் பாதியில் இரண்டு வெடிக்குரிய மருந்து இருந்தது. இன்னும் பலவற்றில் மூன்றும் அதற்கு மேலும் இருந்தன. அவர்கள் தினமும் அணிவகுத்துப் பழகிய சிப்பாய்கள். பதற்றத்தில் கேப்பு எரியாததையும், தாம் சுடாததையும் உணராமல் மேலும் மேலும் கெட்டித்தனர். இருட்டில் பன்றியின் உறுமலைக் கேட்டுக் கை நடுங்கும் நம்மவர் அவர்களைவிடத் திடசித்தர் என்று எண்ணுவதற்கில்லை.

விசையை இழுத்தும் வெடிக்காமற்போனால் உடனே தாழ்த்திப் பார்ப்பது பெருந்தவறு. மருந்து தாமதித்துப் பற்றுவதுண்டு. குழலை மண்மேட்டை நோக்கியபடியே ஒரு நிமிஷம் முழுதும் நிற்க வேண்டும். பிறகே புதுக் கேப்பு. அதற்கும் அசையாவிட்டால், கேப்பை எடுத்துவிட்டுக் குழலில் தண்ணீர் விட்டு மருந்தை நனைத்து, தச்சரிடம் ஒப்பிப்பதே நலம்.

சுட்டு முடிந்த அன்றே கழுவுதலும் பாடத்தின் பகுதி. கருமருந்து எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல் கசடாகவே மிஞ்சுகிறது. அக்கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஓரிரவிலேயே இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். வெந்நீரும் சவுக்காரமும் கொண்டு, துணி சுற்றிய சலாகையால் வெளுத்த துணி வெளுப்பாகவே வரும் வரை துடைத்து, நன்கு உலர்த்தி, எண்ணெய் பூசுக. மறுமுறை கெட்டிக்குமுன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிடில் மருந்து ஊறிப்போய் வெடி தவறும்.

இவ்வளவும் கற்றபின் பன்றியைச் சுடலாமா? கூடாது. பயிர்க் காவலுக்கு லைசென்ஸு பெறுவது வேறு. காட்டு மிருகத்தைக் கொல்ல அனுமதி பெறுவது வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்தின்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்குச் சேதம் செய்வதை உத்தேசித்து அதைக் கொல்ல, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்துமூலம் உத்தரவு தர வேண்டும். மயிலும் காட்டெருமையும் முதல் அட்டவணையில் இருப்பதால், பயிர்ச் சேதம் என்ற காரணத்துக்காக அவற்றைக் கொல்ல வழியே இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்த ஏற்பாட்டில், காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுவதில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கு அப்பால் மட்டும் சுடுவது, அதுவும் காட்டிலாகாவினர் கையால். அடிவார நிலங்களிற் பல முதல் இரண்டு எல்லைகளுக்குள்ளேயே அடங்கும்.

அப்படியானால் துப்பாக்கியால் குடியானவனுக்கு லாபம் யாது என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. என் அபிப்பிராயம், கணக்குப் பார்த்தால் அதிகமில்லை என்பதே. நான்கு கொல்லைக்காரர் சேர்ந்து முறைவைத்துக் காவலிருப்பதும், வேலி போடுவதும், சேதத்தை உடனே காட்டிலாகாவுக்கு எழுதிக் கொடுப்பதும் அதிகப் பலன் தருகின்றன. இரவுக் காவலில் துப்பாக்கியால் நேரும் பெருங்கேடு பன்றிக்கு நேருவதன்று. புதரசைவைக் கண்டு சுட்டபின், அங்கே இருந்தது பக்கத்துக் கொல்லைக் காவற்காரர் என்று தெரியவருவதே. எனினும் சுடுகளத்தில் நின்று, குறிப்பலகையைப் பார்த்து இவ்வித்தையைப் பயில்வதில் ஒரு தனி இன்பம் உண்டு. அமெரிக்காவில் இதற்கென்றே 1933-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது; பல தேசத்தார் கூடிப் போட்டியும் நடத்துகின்றனர். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே அவசரப்பட முடியாதபடி அத்துப்பாக்கியே நம்மை நிறுத்திவைக்கிறது.

பரணில் இருந்த துப்பாக்கியின் கதை மிச்சமிருக்கிறது. அதைத் தெருவில் தூக்கிச் செல்ல வேண்டாம் என்று சொல்லி, பற்றுவாயிலும் குழலிலும் தண்ணீர் விட்டு, குழல்வாயைச் சுவர்ப்புறம் திருப்பி, ஓர் அறையில் வைத்துப் பூட்டச் செய்தேன். அங்கத்தினரே போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று தகவல் சொல்லி, அவர்களை வரவழைத்து ஒப்படைத்து ரசீது பெற்றார். சில நாள் கழித்து அவர் என்னைப் பார்க்க வந்தபோது, உள்ளே இருந்ததை எடுத்தவர் சொன்னதைத் தெரிவித்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெடி மருந்து இருந்ததாம். அடியில் இருந்தது பாட்டனார் கெட்டித்ததாகவும், மேலே இருந்தது தகப்பனார் கெட்டித்ததாகவும் இருக்கலாம் என்று சொல்லி, மடியிலிருந்த ரசீதை எடுத்து என்னிடம் காட்டினார். பையன் பெயருக்கு மனு எழுத இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவனுக்கு வயது 19.