தொலை அறுவைச் சிகிச்சையும் கையின் எல்லையும்

நோயாளி இருக்கும் இடத்திற்கு மருத்துவர் செல்ல இயலாதபோது, அவருடைய கைத்திறனை மட்டும் அனுப்பிவைக்க இயலுமா? 2001 செப்டம்பர் 7 அன்று இவ்வினாவிற்கு விடை கிடைத்தது. நியூயார்க்கில் கட்டுப்பாட்டு மேசையின் முன் அமர்ந்த பிரெஞ்சு மருத்துவர் ழாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த பெண்மணி ஒருவரின் பித்தப்பையை இயந்திரக் கைகளின் வழியே அகற்றினார். மருத்துவரின் கை அசைவதற்கும் அதன் விளைவு அவர் முன்னுள்ள திரையில் தெரிவதற்கும் இடைப்பட்ட தாமதம் சராசரியாக 155 மில்லி விநாடி. அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவு. இத்தாமதமே தொலை அறுவைச் சிகிச்சையின் அடிப்படைப் பிரச்சினையாகும்.

தாமதத்தின் கணக்கு

ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். மேற்கூறிய சிகிச்சையில் செய்தி சென்று மீண்ட தொலைவு சுமார் 14,000 கி.மீ. இதற்கு 70 மில்லி விநாடி போதும். எஞ்சிய தாமதம், படத்தைக் குறியீடுகளாக்கி மீண்டும் படமாக்கும் சாதனங்களாலும் பிற கருவிகளாலும் நேர்வது. புவிநிலைச் செயற்கைக்கோளோ 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளது. கட்டளை ஏறி இறங்கவும், படம் ஏறி இறங்கவும் 1,44,000 கி.மீ. கடக்க வேண்டும். விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்திலும் இதற்கு 480 மில்லி விநாடி ஆகும்.

ஒப்புருவாக்கத்தின் பயன்

எவ்வளவு தாமதத்தைக் கை தாங்கும் என்பதை நோயாளியின் உடலில் சோதித்தறிதல் தகாது. ஆகவே ஒப்புருவாக்கக் கருவிகள் பயன்படுகின்றன. கணினித் திரையில் தோன்றும் திசுவை, உண்மைக் கருவியின் கைப்பிடிகளை ஒத்த கைப்பிடிகளால் பயில்பவர் வெட்டுகிறார். ஆய்வாளர் தாமதத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறார். வேலை முடிய ஆகும் நேரம், பிழைகளின் எண்ணிக்கை, கருவிமுனை கடந்த பாதையின் நீளம் ஆகியன பதிவு செய்யப்படுகின்றன.

2014-இல் வெளியான இத்தகைய ஆய்வு ஒன்றின்படி, 200 மில்லி விநாடி வரையுள்ள தாமதம் மிக ஏற்றது. 300 வரை பொருத்தமானது. 400 முதல் 500 வரை வேலை நடக்கும், ஆனால் கை களைக்கும். 800-க்கு மேல் சிகிச்சை மிகக் கடினம்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தாமதம் மிகும்போது மனிதர் சிறிது நகர்த்திவிட்டுக் காத்திருந்து, விளைவைக் கண்டபின் மீண்டும் நகர்த்துகின்றனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களிலேயே இப்போக்கு ஆராயப்பட்டது. இம்முறையால் பிழை குறையலாம். ஆனால் நேரமும் மனச்சுமையும் பெருகும். எனவே பிழைகளை மட்டும் எண்ணுவோர் "கட்டுப்பாடு எளிது" என்ற தவறான முடிவிற்கு வரக்கூடும். இதன் பொருட்டே, மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, எரிச்சல் போன்றவற்றைப் பயில்பவரே மதிப்பிடும் வினாத்தாளும் சேர்த்துப் பயன்படுத்தப்படுகிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆறு கூறுகள் கொண்ட வினாத்தாள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

நமக்குரிய பாடம்

2018 டிசம்பரில் குஜராத்தில், காந்திநகரிலிருந்த மருத்துவர் ஒருவர் சுமார் 32 கி.மீ. தொலைவில் அகமதாபாத்திலிருந்த ஐந்து நோயாளிகளுக்கு இதய இரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்தார். நெடுந்தொலைவைக் கருதும்போது கம்பித் தொடர்பின் தரமே முதன்மை பெறும். சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்லும், 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஏறத்தாழ 2,300 கி.மீ. கடலடிக் கேபிளின் முழு நீளத்தையும் ஒளி சென்று மீள 23 மில்லி விநாடியே ஆகும். செயற்கைக்கோளின் 480-உடன் ஒப்பிடின், முதலீட்டின் பயன் விளங்கும்.

எனினும் சராசரியைக் கொண்டு மட்டும் ஒப்பந்தம் எழுதுதல் ஆகாது. நிலையான தாமதத்திற்குக் கை ஓரளவு பழகிக்கொள்ளும். ஏறி இறங்கும் தாமதத்திற்குப் பழகுவது அரிது. ஆகவே ஒப்பந்த விதிகளில் உச்சத் தாமதமும் அதன் ஏற்ற இறக்கமும் வரையறுக்கப்பட வேண்டும். இணைப்பு அறுந்தால் சிகிச்சையை ஏற்று நடத்த, நோயாளியின் அருகில் பயிற்சி பெற்ற மருத்துவக் குழு இருத்தல் வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் அவ்வாறே இருந்தது. இக்குழுவிற்கான செலவைத் திட்டக் கணக்கில் சேர்க்காமல் இயந்திரத்தின் விலையை மட்டும் காட்டுவது, செலவைக் குறைப்பது ஆகாது. ஆபத்தை நோயாளியின் மேல் ஏற்றுவதாகும்.