வீட்டிலே விதைத்த விசுவாசம்

ஆதார வசனம்: 2 தீமோத்தேயு 1:5



பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் பெற்றோர் வந்து, "பிள்ளைக்கு டாக்டர் சீட் கிடைக்கணும், ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்" என்பார்கள். ஜெபித்துவிட்டு ஒன்று கேட்பேன்: "டாக்டரானால் கல்வராயன் மலைக்குப் போவானா?" பதில் வராது.

தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது? பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்கிறார் பவுல். மருத்துவ ஊழியத்திலும் அப்படியே. ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பாருங்கள்.

1. வீடு விதைத்தது. தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மிஷனெரி டாக்டர். அப்பாவும் டாக்டர். ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். நோயாளிகள் வாசலில் காத்திருக்கும் வீட்டில் வளர்ந்தார்.

2. பிள்ளை ஓடியது. "இந்த ஊழியம் எனக்கு வேண்டாம்" என்று, யோனாவைப் போல, அமெரிக்காவிலேயே வாழ விரும்பினார். தாய் சுகவீனமானதால்தான் திண்டிவனம் வந்தார். அன்று திண்டிவனமும் நம் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்.

3. தேவன் அழைத்தார். ஒரே இரவில் மூன்று புருஷர்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனைப்படும் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். "அப்பா வருவார்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் கூடாது என்று மூவரும் திரும்பிப்போனார்கள். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் மரித்தார்கள். அந்த இரவே அவருடைய அழைப்பு.

4. அழைப்பு தலைமையானது. 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்து, 1902-ல் வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி திறந்தார். கிராமம் கிராமமாகப் போய் சாலையோரத்திலே வைத்தியம் பார்த்தார். தான் ஒருத்தி போதாது என்று கண்டு, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி.

பிரியமானவர்களே, 2022-ல் நம் ஊருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, ஸ்தோத்திரம்! கல்லூரி படிப்பைக் கொடுக்கும். ஆத்தும பாரத்தை யார் கொடுப்பது? வெட்கத்தோடு சொல்கிறேன், எத்தனையோ நோயாளிகளை நான் சந்தித்தும், என் பிள்ளைகளை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை.

இந்த வாரம் சபையில் படுக்கையாயிருக்கிற ஒருவர் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போங்கள். ஒரு டம்ளர் கஞ்சியை அவர்கள் கையாலே கொடுக்கட்டும். பிறகு சீட்டுக்காக ஜெபிப்போம்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.